நேர்ந்துவிட்ட எஞ்சின்

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் டொரினோ காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் ஃபப்ரியின் கட்டில்மேல் வைத்துவிட்டேன். துவைத்துப் போட்ட வெள்ளைப் போர்வை. வைத்ததும் எண்ணெய் வட்டமாக ஊறியது. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஃபப்ரி 'உம்', 'வேண்டாம்' தவிர எதுவும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். சக்கர நாற்காலி மூலையில் கிடக்கிறது, அதன்மேல் இஸ்திரி போடாத துணி. அவன் வண்டியிடம் போகமாட்டான் என்றால் வண்டி அவனிடம் வரட்டும் என்று தோன்றியது. யோசித்தெல்லாம் செய்யவில்லை. நான் எதையுமே யோசித்துச் செய்வதில்லை என்பதுதான் வீட்டில் எல்லாருடைய கருத்தும்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு எக்ஸாஸ்ட் துளைக்குள் விரலை விட்டுத் துழாவினான்.

"இதை எவன் இப்படிச் சுரண்டி வெச்சது?"

"நாந்தான்."

"எதால? சூப் ஸ்பூனாலயா?"

இந்த வருஷத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம். அதுவும் திட்டு.

அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "ஐயோ என் போர்வை! அறிவிருக்காடி உனக்கு?" கத்திக்கொண்டே வந்தவள் அவன் விரல் துளைக்குள் அசைவதைப் பார்த்து நின்றாள். போய்விட்டாள். பழைய செய்தித்தாளோடு திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் ஹெட்டுக்கு அடியில் திணித்தாள்.

மார்ச் 12

ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு இதைப் பற்றி நினைக்காமல் வேலை செய்யலாம்.

போன நவம்பர். சோண்டா காற்று மண்ணை வாரி அடித்த சாயங்காலம். சாலை நடுவில் ஒரு கோவேறு கழுதை. ஃபப்ரி ஸ்டீயரிங்கை ஒடித்தான், வண்டி பள்ளத்தில் உருண்டது. கூரையும் ஒரு கதவும் நசுங்கின. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. அவனுக்கு முதுகுத்தண்டு. "அறுந்து போகல, நசுங்கியிருக்கு. நடக்கலாம். நடக்காமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில்தான் அம்மா டிஃபுன்டாவிடம், புருஷனைத் தேடிப் பாலைவனத்தில் நடந்து செத்துத் தெய்வமானவளிடம், நேர்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், கையில் ஆறிப்போன காப்பி.

"தாயே, தாகத்துல செத்த பிறகும் உன் பிள்ளைக்குப் பால் குடுத்தவ நீ. என் பிள்ளை தன் கால்ல நடக்கட்டும். இந்த வண்டியோட எஞ்சினைக் கொண்டாந்து உன் காலடியில வெக்கிறேன்."

எங்கள் சான் ஹுவானில் இது விளையாட்டில்லை. வஷெசீத்தோவில் அவள் கிடக்கும் குன்று முழுக்க மக்கள் கொண்டுவந்து வைத்தவைதான்: தண்ணீர் பாட்டில், நம்பர் பிளேட், கல்யாண கவுன், பந்தயக் கோப்பை. சொன்னதைக் கொடுக்காவிட்டால், கொடுத்ததை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள். யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

ஆக, அண்ணன் நடந்தால் எஞ்சின் போகும். நடக்காவிட்டால் இருக்கும். எழுதிப் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

"அப்ப இதுல நாங்க வேலை பாக்கலாமா கூடாதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நேந்துவிட்ட ஆட்டுக்குத் தீனி போடக் கூடாதுன்னு யாரு சொன்னா? நல்லாப் போடு. கொழுத்துப் போகட்டும்."

ஏப்ரல் 6

ஃபப்ரி இன்று நாற்காலியில் ஏறி ஷெட்டுக்கு வந்தான். தானாகவே.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து வரச் சொன்னான். பழைய சட்டையில் சுற்றி, மூன்று இரட்டைவாய்க் கார்புரேட்டர். விபத்துக்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாமல்.

அவன் திட்டம் இதுதான். இப்போது ஆறு சிலிண்டரும் ஒரே கார்புரேட்டர் வழியாக மூச்சு வாங்குகின்றன. ஆறு பேருக்கு ஒரே மூக்கு. அதைத் தூக்கிவிட்டு இந்த மூன்றையும் போட்டால் சிலிண்டருக்கு ஒரு வாய். மேடு உயர்ந்த கேம் ஷாஃப்ட் போட்டால் வால்வு இன்னும் அகலத் திறக்கும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் கம்ப்ரெஷன் ஏறும். புகை போகும் வழியெல்லாம் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அவன் சொல்வான், நான் செய்வேன்.

ரூலோ வந்து ஷெட் வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். தெருமுனைப் பட்டறைக்காரன், நான் கல்லூரியை விட்டதிலிருந்து அவனிடம்தான் வேலை செய்கிறேன். அவன் ஷெவர்லே கட்சி. நாங்கள் டொரினோ கட்சி. இங்கே மதம் மாறுவார்கள், இதில் மாறமாட்டார்கள்.

"என்ன இஞ்சினியரம்மா, பிணத்துக்கு மேக்கப்பா?" என்றான். "எத்தனை மூக்கு வெச்சாலும் கடைசியில என் ஷெவி பின்னாடி வந்து புகைதான் குடிக்கப் போவுது."

"போடா," என்றான் ஃபப்ரி. "உன் தகர டப்பா மேடு ஏர்றதுக்குள்ள நான் நடந்தே ஏறிடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ரூலோ பொருந்தாத ஒரு ஸ்பேனரை எடுத்து எதையோ முறுக்கத் தொடங்கினான்.

மே 9

கேமும் பெரிது, ஹெட்டும் சீவியாகிவிட்டது. இனி வால்வு இறங்கும்போது பிஸ்டன் தலையில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன்மேல் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் சுற்றி, கழற்றி, நசுங்கிய இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண் வாங்கி வரச் சொல்லிவிட்டு ஃபப்ரி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்விட்டான்.

கடை மூடியிருந்தது. மதியத் தூக்கம். இந்த ஊரில் மதியம் நாய்கூடக் குரைக்காது. என்னால் நாலு மணி வரை காத்திருக்க முடியாது. அம்மா செமிதா ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவு மேசையில் இருந்தது. களிமண் மாதிரியேதான் இருந்தது.

ஒட்டினேன், மாட்டினேன், சுற்றினேன், கழற்றினேன். அளக்கப் போகும்போது ஜன்னலிலிருந்து அம்மா: "தூங்கற நேரத்துல என்னடி இரும்புச் சத்தம்! படு போய்." படுத்தேன். எழுந்து வந்து மாவை வெட்டி அளந்தேன். நல்ல தடிமன். தாராளமாக இடம் இருக்கிறது. ரூலோவின் மெஷினில் ஹெட்டை இன்னும் கொஞ்சம் சீவிவிட்டு வந்தேன். ஃபப்ரியை ஆச்சரியப்படுத்த வேண்டும்.

மே 11

ஸ்டார்ட்டரைத் தொட்டதும் 'டக்'. ஒரே 'டக்'. ஃபப்ரி கையைத் தூக்கினான்.

பிஸ்டன் இடித்து இரண்டு வால்வு வளைந்திருக்கிறது.

"களிமண் வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க வாங்கின? அன்னிக்குக் கடை மூடியிருந்துச்சே."

"...செமிதா மாவு."

"ஈஸ்ட் போட்டதா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எவ்வளவு நேரம் அப்படியே விட்ட?"

"மதியத் தூக்கம் முழுக்க."

அவன் முகம் கோணியது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, விக்கல் வரும்வரை. "உப்பிடுச்சுடி! அளவு உப்பிடுச்சு!" அம்மா வாசல் வரை வந்து எட்டிப் பார்த்து, "மாவு குறையறப்பவே நெனச்சேன்" என்றாள். அவளும் சிரித்தாள். ஷெட்டுக்குள் மட்டும் வரவில்லை. விபத்துக்குப் பிறகு அவள் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

புது வால்வு வர வேண்டும், அதிகம் சீவியதை ஈடுகட்ட தடித்த கேஸ்கெட் வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். எல்லாரும் சிரித்தார்கள், சரி. கெடுத்தது நான்.

ஜூன் 17

ஃபப்ரி இனிமேல் பயிற்சிக்குப் போகமாட்டானாம். "ஒரு பிரயோஜனமும் இல்ல." அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "நல்லா வளத்திருக்கேன். ஒருத்தி படிப்பைப் பாதியில விட்டா, ஒருத்தன் காலைப் பாதியில விடறான்."

ஜூலை 5

குளிர்காலம். விரல் இரும்பில் ஒட்டுகிறது.

ஆறு பிஸ்டனையும் அம்மாவின் மாவுத் தராசில் நிறுத்தோம். ஒன்றுக்கொன்று எடை வித்தியாசம் இருந்தால் வேகம் ஏறும்போது எஞ்சின் தன்னையே உதறிப் பிய்த்துக்கொள்ளும். கனமானவற்றை உள்பக்கம் ராவிக் குறைக்கிறான் ஃபப்ரி. முள் ஒரே இடத்தில் நிற்கும் வரை. நான் என்றால் மூன்றாவதிலேயே 'போதும்' என்றிருப்பேன். "நீ ராவறப்போ கோவத்தோட ராவற. அதுக்குத் தெரியும்" என்றான்.

அம்மா சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வஷெசீத்தோ போகிறாள், பையில் ஒரு தண்ணீர் பாட்டில். இன்று அந்தப் பை கனமாக இருந்தது. இரண்டு பாட்டில். கேட்டதற்கு, "ஒண்ணு பத்தலையோ என்னவோ" என்றாள்.

ஆகஸ்ட் 19

ஃபீலர் கேஜ் மேல் பலகையில் இருந்தது.

மெதுவாக எழுதுகிறேன். வால்வு இடைவெளி பார்க்கும் அந்தத் தகட்டுக் கட்டை நேற்று பெஞ்சில் வைத்தது நான். காலையில் அது மேல் பலகையில், அதன் டப்பாவுக்குள், மூடி போட்டு. நானே நுனிக்காலில் எக்கி எடுக்க வேண்டிய பலகை. அம்மா உள்ளே வருவதில்லை. ரூலோ வாரம் முழுக்க மெந்தோசாவில். சக்கர நாற்காலியிலிருந்து அங்கே எட்டாது.

எட்டாது.

ஆகஸ்ட் 20

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை வேண்டுமென்றே உத்தரத்து ஆணியில் மாட்டிவிட்டு ரூலோ பட்டறைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் அது ஃபப்ரியின் மடியில்.

"நல்லா இருக்கா ஸ்பேனர்?" என்றேன். "ம்" என்றான்.

ஆகஸ்ட் 22

அம்மா ரொட்டி கொடுக்கப் போன நேரம் ஷெட் கதவைச் சாத்தினேன்.

"எழுந்து நில்லு."

"என்ன பைத்தியமா உனக்கு?"

"டேய் அண்ணா. எழுந்து நில்லு."

சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தான். கால் நடுங்கியது. முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றான். ஒன்பது மாதமாகக் குனிந்தே பார்த்தவனை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"எப்பலேருந்து?"

"ஜூன். பயிற்சி குடுக்கற அம்மாவுக்குத் தெரிஞ்சா நம்ம அம்மாகிட்ட சொல்லிடுவாங்க. அதான் போகல."

நான் வாயைத் திறக்கும் முன் அவனே சொன்னான்: "ஒரே ஒரு தடவை ஓடட்டும் யனி. ஆறு வாயும் சேந்து மூச்சு வாங்கறதைக் கேட்டுடறேன். அப்புறம் நானே நடந்து போய் அம்மா முன்னாடி நிக்கறேன்."

"அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை போறாங்கடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ சொல்லேன். எஞ்சின் போனா போகட்டும்னு நீ சொல்லேன் பாப்போம்."

அம்மா வரும் நேரம். கதவைத் திறந்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

செப்டம்பர் 4

பெஞ்சைப் பிடிக்காமல் நிற்கப் பார்த்து இன்று விழுந்தான். தூக்கி உட்கார வைத்தேன். தூக்கும்போது எனக்குள் ஒரு நொடி: நல்லது, இன்னும் நாள் இருக்கிறது.

என்ன ஜென்மம்டி நீ.

செப்டம்பர் 27

வால்வு வந்துவிட்டது. கேஸ்கெட் வந்துவிட்டது. முன்பெல்லாம் நான் அவசரப்படுவேன், அவன் நிதானம் என்பான். இப்போது அவன் நிதானத்துக்கு வேறு பெயர் என்று சந்தேகம். முறுக்கிய போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்குகிறான். சரியாக இருந்த இடைவெளியை மூன்று தடவை பார்க்கிறான். முடித்துவிட்டால் போய்விடும் என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது.

நானும் அவசரப்படுத்தவில்லை.

அக்டோபர் 19, அன்னையர் நாள்

அம்மாவுக்குக் கேக் வாங்கி வைத்திருந்தோம். காலையிலேயே காணவில்லை. இருட்டும் நேரத்தில் ரூலோ தன் ஷெவி பிக்அப்பில் கொண்டுவந்து இறக்கினான். அவனிடம் ஒரு கிண்டலும் இல்லை. "சாலையில நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க. பஸ்ல உக்காரவே முடியலையாம், முட்டி மடங்கல" என்றான் என்னிடம் மட்டும்.

குன்றின் படிகளை முட்டி போட்டு ஏறியிருக்கிறாள். அடியிலிருந்து உச்சி வரை. பாவாடை முட்டியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே சின்னச் சின்னக் கல்.

ஃபப்ரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஊசியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து, அவன் நீட்டிய தட்டில் போட்டேன். அம்மா அவன் தலையைத் தடவினாள். "வலிக்கல கண்ணு."

கேக்கை யாரும் தொடவில்லை.

அக்டோபர் 20

"இன்னிக்குச் சொல்லிடு" என்றேன். "எக்ஸாஸ்ட் குழாய் வந்துடட்டும்" என்றான். கன்னத்தில் ஒன்று வைத்தேன். தடுக்கவில்லை.

ஆனால் நானும் போய்ச் சொல்லவில்லையே. வாய் எனக்கும்தான் இருக்கு. ஏன் சொல்லல? அவன் சொல்லணும்னு விட்டேனா? இல்ல, அந்தக் கார்புரேட்டர் மூணையும் வரிசையா மாட்டி வெச்சுப் பாத்தேன் பாரு — அந்த அழகுக்கா?

நவம்பர் 30

சாப்பிடும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள், உப்பு கேட்பது போல.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். எனக்கு அந்த எஞ்சினைக் கண்டாலே ஆகாது. அவனைச் சாவக் குடுக்கப் பாத்த சனியன் அது. வேண்டாததைத் தூக்கி அவளுக்குக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். குப்பையை நேந்துகிட்டா எவ கேப்பா? அவளும் தாய்தானே, அவளுக்குத் தெரியாதா?"

"அதுக்கு?"

"எட்டாந்தேதி நடந்து போறேன். இங்கேருந்து வஷெசீத்தோ வரை. தண்ணி குடிக்காம. அவ போன மாதிரி."

எங்கள் ஊர் கௌசெத்தேயிலிருந்து அங்கே பாலைவனம்தான், ஒரு மர நிழல் கிடையாது. டிசம்பர், கோடை உச்சி வெயில். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. கத்தினேன், கெஞ்சினேன். ரூலோவை விட்டுப் பேசச் சொன்னேன். "உன் பிள்ளைக்கு இது நடந்தா நீ போகமாட்டியா?" என்று கேட்டு அவன் வாயை மூடிவிட்டாள்.

ஃபப்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

டிசம்பர் 8

விடியும் நேரம். அம்மா வைக்கோல் தொப்பி போட்டாள். அவள் பையில் நான் ஒளித்து வைத்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கதவைத் திறக்கத் திரும்பினாள்.

கதவை அடைத்துக்கொண்டு ஃபப்ரி நின்னான்.

நின்னான். ரெண்டு கையும் நிலையில. பனியன், கால்ல அந்தக் காப்பிக் கலர் அழுத்தக் காலுறை — ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது, தினம் அம்மா துவைச்சுக் காயப்போடறது. நிலையை விட்டான். ஒரு அடி. இன்னொண்ணு. நாற்காலி வராண்டாவுலயே கெடந்துச்சு. அம்மா கிட்ட வந்து அவ தோளைப் பிடிச்சுக்கிட்டான்.

அம்மா அழுவான்னு நெனச்சேன். கட்டிப்பிடிப்பான்னு நெனச்சேன். அம்மா குனிஞ்சு அவன் பாதத்தைப் பாத்தா. தலை நிமிராமலே கேட்டா:

"எப்பலேருந்து?"

"ஜூன்லேருந்து."

"நீயுமாடி?" — என்கிட்ட.

"ஆகஸ்ட்."

அப்பத்தான் நிமிர்ந்தா. "என் முட்டியிலேருந்து கல்லு எடுத்தப்ப... ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. தட்டு பிடிச்சான். என் பிள்ளை தட்டு பிடிச்சான்."

அவன் கால் ஆட ஆரம்பிச்சுது. அம்மாதான் நாற்காலியை இழுத்து அவனை உக்கார வெச்சா. தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டினா. மாத்தே டீக்குத் தண்ணி வெச்சா. அடுப்பு பத்த வெக்கக் குச்சி குச்சியா ஒடைஞ்சுது.

டிசம்பர் 10

அம்மா எங்களோடு பேசுவதில்லை. தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள். ஃபப்ரி வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடக்கிறான், அவள் முதுகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறது. எனக்குத் தெரிகிறது.

டிசம்பர் 11

மூலையில் ஒரு மரப்பெட்டி. கழற்றிய பழசெல்லாம் அதில்தான்: ஒற்றைக் கார்புரேட்டர், பழைய கேம், பழைய வால்வு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது, ஃபப்ரியிடமும் ரூலோவிடமும் சொல்லியும் விட்டேன்.

"அம்மா நேந்துகிட்டப்ப இருந்த எஞ்சின் இந்தப் பெட்டியிலதானே இருக்கு? இதைக் கொண்டுபோய் வெப்போம். புதுசா நாம செஞ்சதை அவ கேக்கவே இல்லையே."

ரூலோ தாடையைச் சொறிந்தான். "எஞ்சின் பிளாக் பழசுதானேம்மா. அதை என்ன பண்ணுவ, பாதியா அறுத்துக் குடுப்பியா? வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ."

ஃபப்ரி கார்புரேட்டர் வாய் ஒவ்வொன்றிலும் துணி அடைத்துக்கொண்டிருந்தான். வேலை முடித்ததும் தூசி போகாமல் அடைப்பது அவன் வழக்கம். ஓரத்தை உள்பக்கமாக மடித்து, பிள்ளைக்குத் துண்டு சுற்றுவது போல அடைப்பான்.

"அந்தப் பெட்டியில இருக்கறது என்னைக் கட்டில்லேருந்து எழுப்பல" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு.

அப்போது வாசலில் நிழல். அம்மா. ஷெட்டுக்குள் காலை வைத்தாள். எஞ்சினைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். எவ்வளவு நேரம் நின்றிருந்தாளோ, எதையெல்லாம் கேட்டாளோ.

"ஓடுமா இது?"

"இன்னும் ஓட்டிப் பாக்கல" என்றான் ஃபப்ரி.

"ஓடாததையா அவகிட்ட கொண்டுபோய் வெப்பீங்க? ஓட வைங்க."

டிசம்பர் 14

ஓடியது.

முதலில் இருமியது, பின்பக்கம் வெடித்தது, பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சுவர்மேல். பிறகு பிடித்துக்கொண்டது. ஃபப்ரி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டான். ஆறும் ஒரே சத்தமாகும் வரை திருகைத் திருப்பினான். நின்றுகொண்டே. கம்பு பெஞ்சில் சாய்ந்திருந்தது. குழாயை என் காதில் வைத்தான். ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு மாற்றினான், மாற்றினதே தெரியவில்லை.

ரூலோ தொப்பியைக் கழற்றினான். "ஷெவர்லே சத்தியமா இதை வெளியில சொல்லமாட்டேன்... நல்லா இருக்குடா."

டிசம்பர் 21, ஞாயிறு

எஞ்சினை வண்டியில் மாட்டி, அதிலேயே போனோம். நசுங்கிய கதவு கம்பியால் கட்டியது. ஃபப்ரி ஓட்டினான். அம்மா முன்னால். நான் பின்னால். ரூலோ பிக்அப்பில், எஞ்சினைத் தூக்கி இறக்கச் செயின் பிளாக்கையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தான்.

நேர்சாலை. முதலில் மெதுவாகத்தான் போனான். கழுதை நின்ற இடம் வந்தது. தாண்டினோம். அங்கே அம்மா கையை நகர்த்தி அவன் வலது முழங்கால்மேல் வைத்தாள். தடுப்பதற்கு என்று நினைத்தேன். வைத்தபடியே இருந்தாள். அவன் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த, அவள் கைக்கு அடியில் தொடை இறுகுவது பின்னாலிருந்து எனக்கே தெரிந்தது.

முழுக்க அழுத்தினான். ஆறு வாயும் திறந்தன. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. ரூலோவின் வண்டி கண்ணாடியில் புள்ளியாகி, மறைந்தது. அம்மா கண்ணை மூடவில்லை. கையையும் எடுக்கவில்லை.

எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது வஷெசீத்தோ.

நிறுத்திய பிறகும் ஃபப்ரி சாவியைத் திருப்பவில்லை. சும்மா ஓடவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "போதும்டா ராஜா" என்றாள். திருப்பினான்.

வெயிலில் கழற்றி இறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. லாரிக்காரர்கள் கூடி உதவினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏம்பா, ஓடற எஞ்சினையா குடுக்கறீங்க?" என்றார். "ஓடறதுனாலதான்" என்றாள் அம்மா.

குன்றின் அடியில், சுவரோரம், மற்ற எஞ்சின்களுக்கு நடுவில் வைத்தோம். மற்றவையெல்லாம் துரு. எங்களுடையது இன்னும் சூடாக இருந்தது. அம்மா பாட்டிலைத் திறந்து, பக்கத்தில் வைத்தாள். ஃபப்ரி கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் நம்பர் பிளேட்டை எடுத்துக்கொண்டு படியேறினான். கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று. அம்மா கீழேயே நின்று, அவன் ஒவ்வொரு படி வைக்கும்போதும் உதட்டை அசைத்தாள்.

திரும்பும்போது ரூலோவின் ஷெவி எங்கள் டொரினோவைக் கட்டி இழுத்து வந்தது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

டிசம்பர் 24

ஷெட்டில் எஞ்சின் இல்லாத வண்டி. உள்ளே குனிந்தால் தரை தெரிகிறது.

ஜனவரி 18

ஃபப்ரி கம்பையும் விட்டுவிட்டான். அம்மா இப்போது வஷெசீத்தோ போவதில்லை, "சொன்னதைச் செஞ்சாச்சு, தொல்லை பண்ணக் கூடாது" என்கிறாள். சனிக்கிழமை மதியம் ஃபப்ரிதான் எங்கோ கிளம்பிப் போகிறான். கேட்டால், "நடக்கப் போறேன்."

பிப்ரவரி 10

ரூலோ ஒரு சாமான் கொடுக்கச் சொல்லி சாலையோரப் பண்ணை ஒன்றுக்கு அனுப்பினான். வழியில் வஷெசீத்தோவில் நிறுத்தினேன்.

வீட்டிலிருந்தே ஆறு துணித் துண்டு கொண்டு போயிருந்தேன். போன வாரம் முழுக்க சோண்டா அடித்தது. கார்புரேட்டர் வாய் ஆறும் திறந்தே கிடக்கின்றன, மண் உள்ளே போயிருக்கும் என்று ராத்திரி தூக்கமே இல்லை. இனி ஓடாத எஞ்சின், மண் போனால் என்ன? தெரியும். இருந்தாலும்.

யாரோ சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மூடிமேல் தூசி. குனிந்து பார்த்தேன்.

ஆறு வாயும் அடைத்திருந்தது. காப்பி நிறத் தடித்த துணி, ஓரத்தை உள்பக்கமாக மடித்து, பிள்ளைக்குத் துண்டு சுற்றியது போல. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல நீண்டது. அந்த அழுத்தக் காலுறைதான். ஆறாக வெட்டியிருக்கிறான்.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள், வரிசையாக. அம்மா வைத்தது ஒன்றுதான்.

என் துணியை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். கடைசி வாயில் இருந்தது மட்டும் காற்றுக்குக் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. விரலால் உள்ளே தள்ளி, ஓரத்தை மடித்துவிட்டு வந்தேன்.